செருப்புப் பூவுக்கு ஒரு வளைகாப்பு

காட்டுத் தீ எதையும் அழிக்கவில்லை. நம் தோட்டக்கலைச் சங்கத்துச் செயலாளர் பொய் எழுதியிருக்கிறார்.

செடிக்கொட்டகையில் புதிதாகச் சேர்ந்த உங்களுக்கெல்லாம் அவர் ஒரு சிறு புத்தகம் கொடுத்திருக்கிறார். எனக்கும் ஒன்று வந்தது. அதில் மஞ்சள் செருப்பு ஆர்க்கிட்டைப் பற்றி இரண்டே வரி. தெற்கு மலைச் சரிவில் வளர்ந்த இந்த அரிய செடி காட்டுத் தீயில் முற்றிலும் அழிந்தது என்பது முதல் வரி. சங்கத்தின் குழு அண்மையில் அதை மலையில் மறுபடியும் கண்டுபிடித்தது என்பது அடுத்த வரி. இரண்டு வரி, இரண்டு பொய். இந்த வேகத்தில் அவர் முழுப் புத்தகம் எழுதாமல் விட்டது நல்லதுதான்.

நான் அந்தக் கொட்டகையில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்தவன். அந்தச் செடியை அழித்தவர்களில் நானும் ஒருவன். அதனால் எனக்குத் தெரியும்.

யுத்தம் தொடங்கிய சமயம். பட்டினப்பாக்கத்துக் குப்பத்திலிருந்து வந்து, அடையாற்றில் சங்கத்தின் தோட்டத்தில் சேர்ந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. அப்போது காரியதரிசியாக இருந்தவர் மயிலாப்பூர் வக்கீல் ஒருவர். கோர்ட்டில் இங்கிலீஷில் வெளுத்துக்கட்டுவார் என்று பெயர். அவருக்கு ஒரே ஆசை, மலர்க் கண்காட்சியில் வெள்ளிக் கோப்பை. அதை வருஷா வருஷம் தியாகராய நகர் டாக்டர் ஒருவர் தன் ரோஜாக்களுக்காகத் தட்டிக்கொண்டு போவார். ரோஜாவை அடிக்க யாரும் பார்க்காத பூ வேண்டும் என்று வக்கீல் தெற்கே ஒரு காட்டுக் காண்டிராக்டருக்கு மஞ்சள் செருப்பு ஆர்க்கிட் கேட்டுக் கடிதம் எழுதினார். 'கிடைக்கும் அத்தனையும் அனுப்பவும்.' இந்த மூன்று வார்த்தைதான் தீ.

எழும்பூர் ஸ்டேஷனில் நாலு பெரிய கூடைகள் வந்து இறங்கின. கூடைக்குள் பாசியில் சுற்றிய செடிகள், கொத்துக் கொத்தாக. நான்தான் பிரித்தேன். அதுவரை என் கைக்கு வந்த ஆர்க்கிட் எல்லாம் மரத்தில் ஒட்டி வளர்வது. ஆகவே இதையும் யாரையும் கேட்காமல் தேங்காய் நாரால் மாமரக் கிளைகளில் கட்டினேன். கட்டிவிட்டுத் தள்ளி நின்று பார்த்துப் பெருமைப்பட்டேன். செருப்பு ஆர்க்கிட் தரையில் வளர்வது. மரத்து ஆர்க்கிட்டுகளைப் போலத் தண்ணீர் சேர்த்துவைக்க அதற்குத் தடித்த தண்டு கிடையாது. மூன்று மாதத்தில் மாமரம் முழுக்கக் காய்ந்த துடைப்பம் தொங்கியது.

பிழைத்தது மூன்று கொத்து. அதுவும் என் திறமையால் இல்லை. நாலாவது கூடையின் அடியில் இருந்ததை எடுக்கச் சோம்பல்பட்டு, குழாயடியில் உடைந்த செங்கல்லும் இலைமக்கும் கிடந்த மூலையில் அப்படியே போட்டிருந்தேன். அங்கே அது தானாக வேர் விட்டுக்கொண்டது. என் உழைப்பு கொன்றதை என் சோம்பல் காப்பாற்றியது. ஒரு செடி கைக்கு வந்தால், உங்களுக்கு என்ன தெரியும் என்று முதலில் காட்டாதீர்கள். அது எந்த மண்ணில் நின்றது என்று கேளுங்கள்.

வக்கீல் மறுபடியும் எழுதினார். காண்டிராக்டரிடமிருந்து பதில் வந்தது. அந்தச் சரிவில் இனி ஒன்றுமில்லை, கேட்டபடி அத்தனையும் அனுப்பிவிட்டோம், வேறு ஏதாவது பூ வேண்டுமா? கடிதத்தை வக்கீல் எனக்குப் படித்துக் காட்டினார். பிறகு மூக்குப்பொடி போட்டுக்கொண்டு, "ரொம்ப நாணயமான ஆள்" என்றார்.

ஆக, எங்களுக்குத் தெரிந்து உலகத்தில் மிச்சம் இருந்தது மூன்று தொட்டி. சென்னை வெயிலில் அதில் இரண்டு போயிற்று. மூன்றாவதை ஈரச் சாக்கும் வெட்டிவேர்த் தட்டியும் கட்டி, கல்யாணப் பெண் மாதிரி வைத்திருந்தேன். மார்கழிக் குளிரில் அது ஒரு மொக்கு விட்டது. பூத்தபோது நல்ல தங்க மஞ்சள், நடுவில் பழுப்புக் கோடு, கீழே செருப்பின் முன்பக்கம் போலக் குழிந்த ஒரு பை. வக்கீல் அதன் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தார். யுத்த நிதிக்காக நடக்கும் கண்காட்சிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. தலைமை தாங்க வரும் துரைசானிக்கு அன்றைக்கே இந்தப் பூவைக் கொய்து கவுனில் குத்திவிடுவதாக வேறு சொல்லி அனுப்பியிருந்தார்.

அந்த வாரம் ஒரு டீச்சர் வந்தார். சாந்தோமைச் சேர்ந்தவர், பெண்கள் கல்லூரியில் தாவரப் பாடம் எடுப்பவர். பெயரைப் போடக்கூடாது என்று சொல்லியிருக்கிறார். என்னைவிட இரண்டு வயது சின்னவர். எனக்குத் தெரிந்த உருப்படியான விஷயமெல்லாம் அவர் சொல்லிக்கொடுத்தது. மாணவிகளுக்குப் பூவைக் காட்டிவிட்டு என்னிடம் திரும்பினார்.

"இந்தப் பூவைக் கண்காட்சிக்கு வைக்கப் போறீங்களா, விதைக்கு வைக்கப் போறீங்களா?"

"ரெண்டுக்கும்தான் டீச்சர்."

"ரெண்டும் நடக்காது. மகரந்தம் சேர்த்தா மூணு நாள்ல பூ தொங்கிடும். சேர்க்கலன்னா பூ அழகா நிக்கும். அப்புறம் உங்க காரியதரிசி கத்தரியோட வருவார். வேற செடி எங்க இருக்கு?"

"இன்னா டீச்சர், எங்கயும் இல்ல. இது ஒண்ணுதான் கீது."

"அப்ப விதைக்கு வைக்க நீங்க யாரைக் கேட்கணும்?"

சொல்லிவிட்டுத் துடைப்பத்தில் ஒரு ஈர்க்குச்சியை உருவி, வேறொரு ஆர்க்கிட் பூவில் மகரந்தம் சேர்ப்பது எப்படி என்று காட்டினார். காட்டில் இந்த வேலையைச் செய்வது ஒரு சின்னப் பூச்சி. செருப்புக்குள் தவறி விழும். வந்த வழியே ஏற முடியாமல் பின்பக்கச் சந்து வழியாக நெருக்கியடித்து வெளியே வரும்போது மகரந்தத்தைச் சுமந்து வரும். அடையாற்றில் அந்தப் பூச்சி இல்லை. நான்தான் இருந்தேன்.

ஒன்பது நாள் யோசித்தேன். வக்கீலிடம் கேட்டால் 'முடியாது' என்பார் என்று தெரியும். கேட்டுவிட்டு மீறினால் வேலை போகும். கேட்காமல் செய்தாலும் போகும். ஆனால் கேட்காமல் செய்தால் விதையாவது இருக்கும். கண்காட்சிக்கு மூன்று நாள் முன்னால், காலையில், ஈர்க்குச்சியை எடுத்து அந்தப் பூவின் மகரந்தத்தை அதற்கே வைத்தேன். இதை வீரம் என்று யாரும் நினைக்க வேண்டாம். செய்து முடித்ததும் வீட்டுக்கு ஓடிவிட்டேன்.

டீச்சர் சொன்னது அச்சாகப் பலித்தது. கண்காட்சிப் பந்தலில், வெல்வெட் விரித்த மேசைமேல், சரிகைத் துண்டு சுற்றிய தொட்டியில், பூ நனைந்த கைக்குட்டை மாதிரி தொங்கியது. பக்கத்து மேசையில் டாக்டரின் ரோஜாக்கள் விறைத்து நின்றன. டாக்டர் எட்டிப் பார்த்தார்.

"என்ன ஓய், செருப்பு தேஞ்சு போச்சா?"

வக்கீல் வாயைத் திறப்பதற்குள் துரைசானி வந்துவிட்டார். தொட்டியை இப்படியும் அப்படியும் பார்த்து இங்கிலீஷில் ஏதோ கேட்டார். வக்கீல் என் பக்கம் திரும்பிப் பல்லைக் கடித்தார்.

"ஏன் இப்படித் தொங்கறதுன்னு கேக்கறா. என்னடா பண்ணித் தொலைச்சே, கன்னியப்பா?"

பொய் சொல்ல ஒன்றும் தோன்றவில்லை. "சார், அது முழுகாம கீது."

"என்னது?"

"முழுகாம கீது சார். மூணு நாளாச்சு."

கோர்ட்டில் வெளுத்துக்கட்டும் மனுஷருக்கு அன்றைக்கு இங்கிலீஷ் வரவில்லை. பின்னால் மாணவிகளோடு நின்ற டீச்சர் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார். துரைசானி கண்ணில் நீர் வரச் சிரித்தார். இன்னொரு கேள்வி கேட்டார்.

"அப்பன் யாருன்னு கேக்கறாடா!" என்றார் வக்கீல். காது சிவந்துவிட்டது.

"அதுவேதான் சார். அப்பனும் அது, ஆத்தாளும் அது."

பந்தல் முழுக்கச் சிரிப்பு. டாக்டர் தன் ரோஜாமேலேயே சாய்ந்து முள் குத்திக்கொண்டார். துரைசானி, பிள்ளைத்தாய்ச்சியின் பூவைக் கொய்யக்கூடாது என்று சொல்லிவிட்டு, இந்த விதையை என்ன செய்யப் போகிறீர்கள் என்று வக்கீலைக் கேட்டார். மானம் போன இடத்தில் ஏதாவது பெரிதாகச் சொல்லித்தானே ஆக வேண்டும்? வக்கீல் ஜிப்பாவை இழுத்துவிட்டுக்கொண்டு, பிறக்கும் செடிகளில் பாதியைப் பிறந்த மலைக்கே திருப்பிக் கொண்டுபோய் நடுவது என்று சங்கம் தீர்மானித்திருப்பதாக முழங்கினார். அப்படி ஒரு தீர்மானமே கிடையாது. எல்லோரும் கை தட்டினார்கள். டீச்சர் கை தட்டவில்லை. கண்காட்சிப் பார்வையாளர் புத்தகத்தில் அந்த வார்த்தைகளை அப்படியே எழுதி வக்கீலிடம் நீட்டினார். துரைசானி பார்த்துக்கொண்டிருக்க, அவர் கையெழுத்துப் போட்டார்.

கோப்பை டாக்டருக்குப் போயிற்று. எனக்கு வேலை போகவில்லை. துரைசானி மெச்சிய ஆளை மறுநாளே நீக்கினால் நன்றாக இருக்காதே.

பிறகு பட்டாளம் வந்து தோட்டத்தில் பாதியை எடுத்துக்கொண்டது. முக்கியமான தொட்டிகளை வக்கீலின் மயிலாப்பூர் வீட்டுக்கு மாற்ற உத்தரவு. கைவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனேன். வாசலிலேயே வக்கீலின் சம்சாரம், எங்களுக்கு மாமி, மறித்தார்.

"அது என்னடா?"

"செருப்பு ஆர்க்கிட் மாமி."

"செருப்புன்னு பேர் வச்சது எதுவும் ஆத்துக்குள்ள வரப்படாது. வாசல்லயே வை."

"மாமி, இது புள்ளத்தாச்சி. வாசல்ல வெச்சா ஆடு மேஞ்சிடும்."

"புள்ளத்தாச்சியா? இதை ஏண்டா முதல்லயே சொல்லலை? வெயில்ல நிறுத்தி வச்சுண்டு பேசறான் பாரு. கிணத்தடிக்குக் கொண்டு போ. செருப்புன்னு சொல்லாதே, பாதுகைன்னு சொல்லு."

பாதுகை என்றதும் அது பூஜையறைக்கே போகத் தகுதி பெற்றுவிட்டது. கிணற்றடி நல்ல இடம். எப்போதும் ஈரம், காலை வெயில் மட்டும். காய் விரல் நீளத்துக்கு வந்தது. ஆனால் பக்கத்து வீட்டுக் கொய்யாவில் ஒரு அணில் குடும்பம் இருந்தது. துணி கட்டிப் பார்த்தேன், கிழித்தன. முள் வைத்துப் பார்த்தேன், எனக்குத்தான் குத்தியது.

ஏழாம் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை போனபோது, காய்க்கு முட்டுக்கொடுத்த குச்சியில் ஒரு டஜன் பச்சைக் கண்ணாடி வளையல் மாட்டியிருந்தது. தொட்டிக்குச் சந்தனம், குங்குமம். பக்கத்துத் தட்டில் சித்ரான்னம்.

"இன்னா மாமி இது?"

"ஏழாம் மாசம்னா வளைகாப்பு பண்ண வேண்டாமா? அதுக்கு யாரு இருக்கா? நின்னுண்டு பாக்காம புளியோதரையை எடுத்துக்கோ."

மாமிக்குக் குழந்தை இல்லை. தெருவில் சிரித்தார்கள். நானும் உள்ளுக்குள் சிரித்தேன். மறுநாள் ஒரு அணில் குச்சியில் ஏறியது. வளையல் எல்லாம் கலகலவென்று சரிய, அணில் பயந்து கிணற்றுச் சுவரைத் தாண்டி ஓட, மாமி கரண்டியோடு வெளியே வந்தார். அதற்குப் பிறகு அணில் அந்தப் பக்கம் வந்தாலே மணி அடித்த மாதிரி கேட்கும். எந்தப் புத்தகத்திலும் இப்படி ஒரு காவல் முறை இல்லை என்று டீச்சர் நோட்டில் எழுதிக்கொண்டார். உடைந்த வளையல் துண்டுகளைக் காலில் குத்தாமலிருக்கப் பொறுக்கி, ஒரு தகர டப்பாவில் போட்டுவைத்தேன். அந்த டப்பா நினைவில் இருக்கட்டும்.

பத்தாம் மாதம் காயின் நுனி வெடித்தது; காயைச் சுமந்த செடி அதோடு வாடிவிட்டது. விதையை எடுக்க டீச்சர் வந்தார். கிணற்றடியில் மேசை போட்டு வெள்ளைக் காகிதம் விரித்தோம். வக்கீலும் வந்தார். தன் சங்கத்து விதையைத் தான்தான் முதலில் பார்க்க வேண்டுமாம். செருப்பு ஆர்க்கிட் விதை தூசி மாதிரி இருக்கும், ஆயிரக்கணக்கில். டீச்சர் காயைப் பிளந்து தட்டினார். வக்கீல் குனிந்தார். "அட, மூக்குப்பொடி மாதிரின்னா இருக்கு!" என்றவருக்குப் பொடி ஞாபகமே வந்து, தன் டப்பாவைத் திறந்து ஒரு சிட்டிகை போட்டுக்கொண்டார். நான் கையை நீட்டித் தடுப்பதற்குள் தும்மினார்.

பாதி விதை மயிலாப்பூரில் கலந்துவிட்டது.

"காத்துடா, காத்து," என்றார்.

"அந்தக் காத்துக்குப் பொடி நெடி அடிக்குது சார்," என்றார் டீச்சர், மிச்சத்தை மூடிக்கொண்டே.

பறந்த விதை கிணற்றடியில் முளைக்குமா என்று கேட்டேன். முளைக்காதாம். நெல்லுக்குள்ளும் அவரைக்குள்ளும் இருப்பதுபோல இந்த விதைக்குள் சாப்பாடு கிடையாது. காட்டில் ஒரு பூஞ்சணம் ஊட்டும். இங்கே பாட்டிலில் சர்க்கரையும் உப்புகளும் சேர்த்த கூழில் ஊட்ட வேண்டும். கூழ் உறைவதற்குக் கடற்பாசி வேண்டும். அது ஜப்பானிலிருந்து வந்துகொண்டிருந்தது. ஜப்பான்காரன் சண்டைக்கு வந்ததும் நின்றுவிட்டது. கல்லூரியில் இருந்த கடைசிச் சிட்டிகையும் தீர்ந்திருந்தது. மைதாவைக் காய்ச்சிப் பார்த்தோம், போஸ்டர் ஒட்டத்தான் ஆயிற்று. விதை நாளாக ஆகச் செத்துக்கொண்டிருக்கும் என்றார் டீச்சர்.

கடற்பாசி என்ற பேரைக் கேட்டதும் எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. மாட வீதிக்குப் பக்கத்தில் வளையல் கடை வைத்திருந்த பாய் வீட்டில், நோன்பு மாதத்தில் சாயங்காலம் நோன்பு திறக்கும்போது கடல்பாசி கிண்டுவார்கள். எங்கள் அம்மா அவர்கள் வீட்டுக்கு மீன் கொடுப்பவள், எனக்கும் ஒரு துண்டு வரும். உடனே போனேன். பாய் கடையில் இருந்தார். வீட்டில் அவர் மனைவி வாசல் திரைக்குப் பின்னால் நின்று பேசினார்.

"அக்கா, கொஞ்சம் கடல்பாசி வேணும்."

"அதுக்கென்ன தம்பி, உட்காரு."

நோன்பு இல்லாத நாளிலும் வந்த பிள்ளை வாய் விட்டுக் கேட்டுவிட்டான் என்று அவசரமாகக் கிண்டி, ஆறவைத்து, ரோஸ் கலரில் ஒரு தட்டு வெளியே வந்தது. தின்றேன். அருமையாக இருந்தது. "அக்கா, இது இல்ல, இன்னும்..." என்று தொடங்கினேன். இன்னொரு தட்டு வந்தது. அதையும் தின்றேன். விதைக்கு வேண்டியது என் வயிற்றுக்குப் போய்க்கொண்டிருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. தட்டைக் கீழே வைத்தேன்.

"அக்கா, எனக்கு இல்ல. ஒரு செடிக்கு. காஞ்ச பாசிதான் வேணும்."

திரை ஒரு விரல் அகலம் விலகியது.

"செடி கடல்பாசி திங்குதா? எங்க புள்ளைங்களுக்கே அடுத்த நோன்புக்கு ஒரு கட்டுத்தான் மிச்சம். நீ வேற ரெண்டு தட்டு தின்னுட்டே."

"கெஞ்சிக் கேக்கறேன்க்கா. மலையில இருந்ததை எல்லாம் நாங்கதான் அழிச்சிட்டோம். மிச்சம் இந்த விதைதான். வக்கீல் வீட்டுக் கிணத்தடியில பத்து மாசம்..."

"எது? வக்கீலம்மா வளைகாப்பு போட்டாங்களே, அந்தத் தொட்டியா? அந்த வளையல் எங்க கடையில எடுத்ததுதானே! நான்தான் பச்சையா பாத்து எடுத்துக் குடுத்தேன்." குரலே மாறிவிட்டது. "குழந்தை பொறந்துருச்சா?"

"பொறந்துடுச்சுக்கா. பாலுக்குத்தான் வழி இல்ல."

திரைக்கு அடியில் ஒரு கை வந்தது. கையில் காகிதம் சுற்றிய கட்டு. "வளையல் போட்ட வீட்டுலதான் பாலும் குடுக்கணும். கொண்டு போ. ஆனா ஒண்ணு, வளந்ததும் கண்ணுல காட்டணும். இந்தப் பாசியை வக்கீலய்யா கிண்டித் தின்னார்னு கேள்விப்பட்டேன், உங்க அம்மாகிட்ட சொல்லிடுவேன்."

கல்லூரி லாபில் இருபத்திரண்டு பாட்டிலில் விதைத்தோம். இந்த விதைக்கு முதலில் இருட்டு வேண்டும். குண்டு விமானங்களுக்கு விளக்கு வெளிச்சம் தெரியாமலிருக்க, ஜன்னலில் ஒட்டச் சொல்லிச் சர்க்கார் கொடுத்த கறுப்புக் காகிதத்தைப் பாட்டில்களுக்குச் சுற்றினோம். "திறக்காதீங்க, பார்க்காதீங்க, ஆறு மாசம் இதை மறந்துடுங்க," என்றார் டீச்சர். என்னால் முடியவில்லை. இருபதாம் நாள் பாட்டில் வாயை அடைத்திருந்த பஞ்சைப் பிடுங்கி எட்டிப் பார்த்தேன். ஒரு வாரத்தில் அதற்குத் தாடி முளைத்தது, சாம்பல் நிறப் பூஞ்சணம். போய் ஒப்புக்கொண்டேன்.

"ஒண்ணுதானே திறந்தீங்க?"

கால் விரலைப் பார்த்தேன். "மூணு டீச்சர்."

அவர் திட்டவில்லை. மிச்சப் பாட்டில்களை ஒரு அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை என் கையிலேயே கொடுத்தார். அதைவிட அவர் அறைந்திருக்கலாம். ஆறு மாதம் அந்தச் சாவி என் அரைஞாணில் தொங்கியது, நான் திறக்கவில்லை. நீங்களும் பாட்டிலைத் திறப்பீர்கள். எல்லோரும் திறப்பார்கள். திறந்தால் போய்ச் சொல்லுங்கள், எத்தனை என்று சரியாகச் சொல்லுங்கள்.

நாலு பாட்டில் பச்சை கட்டியது. அதற்குப் பிறகு எல்லாம் காத்திருப்புத்தான். யுத்தம் முடிந்தது, சுதந்திரம் வந்தது, எங்கள் செடிகள் விரல் உயரம் வந்தன. கிணற்றடியில் முப்பத்தொரு சின்னத் தொட்டி. பாயின் மனைவி வந்து பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா? என் பாசியைத் தின்னு இன்னும் பெருசா வளந்திருக்க வேணாமா?" என்றார். ஆனால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

பாதி மலைக்குப் போக வேண்டும் அல்லவா? வக்கீல் ஒரு டீ பார்ட்டி வைத்து, பெரிய மனிதர்களுக்கு வீட்டுக்கு ஒன்றாகத் தூக்கிக் கொடுத்துவிட்டார். டீச்சர் பார்வையாளர் புத்தகத்தை ஞாபகப்படுத்தினார். "அதெல்லாம் வெள்ளைக்காரன் காலத்துப் பேச்சும்மா," என்றார். டாக்டரும் ஒன்று வாங்கிப்போய் ரோஜாவுக்குப் பக்கத்தில் நட்டார். அடுத்த அக்னி நட்சத்திரத்துக்குள் அடையாறு, மயிலாப்பூர், தியாகராய நகர் மூன்றிலும் அவர் கொடுத்ததில் ஒரு செடிகூட மிச்சமில்லை. கேட்டால் எல்லோரும் ஒரே பதில் சொன்னார்கள், தினமும் இரண்டு வேளை தண்ணீர் ஊற்றினோமே!

பிழைத்தது ஒன்பது. மாமி கொடுக்க மறுத்து, கிணற்றடியில் அண்டாவுக்குப் பின்னால் ஒளித்தவை.

ஒரு நாள் மாமி வக்கீலிடம் சொன்னார். "ஏன்னா, தெற்க தீர்த்தமாடப் போறேன். துணைக்கு டீச்சர் வரா. மூட்டை தூக்கக் கன்னியப்பனைக் கூட்டிண்டு போறேன்." எந்தத் தீர்த்தம் என்று இங்கே எழுத மாட்டேன். எழுதினால் உங்களில் யாராவது கூடையோடு ரயில் ஏறுவீர்கள். மூட்டைக்குள் ஒன்பது செடி இருந்தது. மாமி நிஜமாகவே தீர்த்தமாடினார், அவருக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. மலையடிவாரத்தில் உட்கார்ந்துகொண்டார். "எனக்கு முட்டி வராது. நீங்க போய் விட்டுட்டு வாங்கோ."

காண்டிராக்டரின் ஆட்கள் தோண்டிய குழிகள் அப்போதும் தெரிந்தன. அந்தக் குழிகளிலேயே நட்டோம். நடும்போது மாமி சொன்னபடி தகர டப்பாவைத் திறந்து, ஒவ்வொரு செடிக்கு அடியிலும் ஒரு பச்சை வளையல் துண்டு வைத்தேன். செடிக்கு அதனால் ஒரு பயனும் இல்லை என்று டீச்சர் சொன்னார். சொல்லிவிட்டு ஒரு துண்டை அவரே வைத்தார்.

திரும்பி வந்ததும் வக்கீல் கேட்டார். "அண்டாவுக்குப் பின்னாடி ஒன்பது தொட்டி இருந்ததே, எங்கே?"

அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது! மாமி காப்பியை ஆற்றிக்கொண்டே சொன்னார். "வளைகாப்பு ஆனா பொறந்தாத்துக்கு அனுப்பறதுதானே வழக்கம். அனுப்பிட்டேன்."

வக்கீல் பொடி டப்பாவைத் திறந்தார், மூடினார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அந்த ஒரு விஷயத்துக்காக அவரை நான் பாதி மன்னித்துவிட்டேன்.

இப்போதைய செயலாளரை மன்னிக்க எனக்கு ஒரு காரணமும் இல்லை. போன மாதம் அவர் அனுப்பிய குழு மலையிலிருந்து மூன்று கொத்தைப் பிடுங்கி வந்தது. அதற்குப் பேர் கண்டுபிடிப்பு. அடுத்த மாதம் இன்னும் நாலு கூடை கொண்டுவர ஏற்பாடாம். உங்களில் ஒரு பெண் வேரைக் கழுவும்போது ஒரு பச்சைக் கண்ணாடித் துண்டு கையைக் கீறியதாம். செயலாளர் அதை வாங்கி, மலைவாசிப் பெண்கள் அணிந்த புராதன ஆபரணம் என்று அட்டை எழுதித் தன் மேசையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார். அந்தப் பெண் என் வீட்டுக்கு வந்து, "இன்னா தாத்தா, மலை மேல யாரு வளையல் போட்டுக்கினு தோட்ட வேலை பாத்தது?" என்று கேட்டதால்தான் இதை எழுதுகிறேன். என் டப்பாவில் அதே வளையலின் மிச்சத் துண்டுகள் இன்னும் இருக்கின்றன. பொருத்திப் பார்க்கலாம்.

செயலாளரே, ஆண்டுக் கூட்டத்துக்கு நான் டப்பாவோடு வருகிறேன். முன்வரிசையில் உட்காருவேன். நீங்கள் அந்தக் கண்ணாடித் துண்டையும், அலமாரியில் தூங்கும் பழைய பார்வையாளர் புத்தகத்தையும் எடுத்து வாருங்கள். சங்கத்தின் கையெழுத்தோடு அதில் இருக்கும் வாக்கை, செடிக்கொட்டகைப் பிள்ளைகள் எல்லோரும் கேட்க, உரக்கப் படியுங்கள். படித்துவிட்டு ஒலிபெருக்கியிலேயே பதில் சொல்லுங்கள்: அந்த மூன்று கொத்தையும் மலைக்குத் திருப்பி அனுப்பப் போகிறீர்களா, இல்லையா?